சாய்ஸில் விட்ட சாம்பல்

ஜூன் 9, 2025. திங்கள்

காலையில் மகிமாவின் தொலைபேசி. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர். என்னிடம் எம்.எஸ்சி. படித்தவர். வேறு கல்லூரிகளிலிருந்து பாதியில் மாறி வரும் மாணவர்கள் அங்கே முடித்த பாடங்களில் எதையெல்லாம் இங்கே ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு வைத்திருக்கிறார்களாம். அதில் ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டுமாம்.

"உங்கள விடப் பொறுமையா சிலபஸ் படிக்கிறவங்க யாரு சார் இருக்காங்க?" என்றார்.

பாராட்டா, கிண்டலா? தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மனைவி டோரதி அடுப்படியிலிருந்தே கேட்டிருக்கிறாள். "என்னத்த யோசிக்கப் போறீங்க? மிக்சி வாங்க யோசிச்சீங்க, அந்த மாடலே நின்னு போச்சு. வீட்டுல வேற என்ன சோலி கெடக்கு உங்களுக்கு?"

மாலையில் சரி என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள். கிரெடிட் முறை எனக்கு முழுதாகப் புரிந்ததே ஓய்வு பெறும் சமயத்தில்தான்.

ஜூன் 11, புதன்

கல்லூரிக்குப் போனேன். கண்டெய்னர் லாரிகள் வழிவிடவில்லை என்றால் என்ன செய்வது என்று சீக்கிரமே கிளம்பினேன். இன்று பார்த்து வழி முழுக்க காலி. அலுவலகம் திறக்கும்வரை தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். மடியில் கோப்பு, காலடியில் ஓர் இனிப்புப் பெட்டி. அவராகவே பேசினார்.

"நீங்களும் மாத்தல் விசயமா வந்தீங்களா ஐயா? பேரப்புள்ளைக்கா?"

இல்லை, நான் குழுவில் இருப்பவன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் "ஆமா" என்றுவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன்?

அவர் பெயர் லியாகத் அலி. வாணியம்பாடிக்காரர். தம்பியோடு சேர்ந்து துணிக்கடை நடத்த வண்ணாரப்பேட்டைக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டார். மகள் தஸ்னீம் அங்கே பி.எஸ்சி. வேதியியல் இரண்டு வருடம் முடித்திருக்கிறாள். இங்கே மூன்றாம் வருடத்தில் சேர வேண்டும்.

"அங்க படிச்சது எல்லாம் இங்க செல்லுமான்னு பாக்கணுமாம். செல்லலைன்னா மறுபடி ரெண்டாம் வருசமாம். நான் வேணும்னா ஒத்துக்குவேன், அவ ஒத்துக்க மாட்டேங்கறா. படிச்சதையே படிக்கறதுக்கு நான் என்ன பெயிலான்னு கேக்கறா. செல்லலைன்னா கெமிஸ்ட்ரியே வேணாம், வேற ஏதாச்சும் கோர்ஸ் போறேன்னு நிக்கறா. ஆறாவதுல இருந்து கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரின்னு கெடந்த புள்ள."

பெட்டியைத் திறந்து நீட்டினார். "மக்கன் பேடா. ஊர்லேருந்து வந்துச்சு. எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். தின்றும் விட்டேன்.

தின்று முடித்த பிறகுதான் உறைத்தது. மனு கொடுத்தவரின் தந்தையிடம், முடிவு எடுக்க வேண்டிய நான் வாங்கித் தின்றிருக்கிறேன். இது லஞ்சமில்லாமல் வேறென்ன? மகிமாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லி, குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். விரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மகிமா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல சார்!" என்றவர், தஸ்னீமின் கோப்பையே என்னிடம் கொடுத்தார். "பேடா சாப்பிட்டா நீங்க இன்னும் கறாரா பாப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

ஜூன் 12, வியாழன்

சாப்பாட்டு மேசையில் இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கம் பக்கமாக விரித்தேன். ஒத்துப்போவது நீலப் பென்சில், ஒத்துப்போகாதது சிவப்பு. டோரதி மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டு மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

விதி இதுதான். ஒரு தாளின் பாடத்திட்டம் இங்கே உள்ளதோடு முக்கால் பங்காவது ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாளின் கிரெடிட் செல்லாது. விட்டுப்போன கிரெடிட்கள் எட்டு வரை இருந்தால் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டே சரிக்கட்டலாம். எட்டைத் தாண்டினால் ஓராண்டு கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

தஸ்னீமுக்கு ஏற்கெனவே ஐந்து போயிற்று. அவை அங்கே இல்லவே இல்லாத தாள்கள், அதில் பேச்சுக்கு இடமில்லை. மீதி எல்லாம் நீலம். ஒரே ஒரு தாளைத் தவிர: தொழில் வேதியியல், நான்கு கிரெடிட். இதுவும் போனால் ஒன்பது.

ஐந்து அலகுகள். தண்ணீர், உரம், சிமெண்ட் மூன்றும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய வரிக்கு வரி ஒன்று. நான்காவது இங்கே பெட்ரோலியச் சுத்திகரிப்பு, அங்கே தோல் பதனிடுதல். ஐந்தாவது இங்கே அனல்மின் நிலையச் சாம்பல், அங்கே தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்.

இந்த ஊர் எண்ணெயும் சாம்பலும். அந்த ஊர் தோல். தப்பு யாருடையது?

அறுபது சதவீதம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். அறுபதுதான்.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் அறுபதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது மாடிப்படியில் ஆன்சி. மேல் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண். போன வருடம்தான் திருமணம் ஆனது. மகிமாவின் கல்லூரியில் இதே பட்டம் வாங்கியவள். இப்போது வள்ளூர்ப் பக்கம், சாம்பல் செங்கல் செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. தினமும் மாலையில் புருவமெல்லாம் சாம்பல் பூத்துத்தான் வருவாள்.

பெயர் எதுவும் சொல்லாமல், தொழில் வேதியியலில் ஐந்தாம் அலகை எப்படி நடத்தினார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அஞ்சாவது யூனிட்டா? அது இன்னா சார்?"

"சாம்பல், அம்மா. அனல்மின் நிலையச் சாம்பல்."

"ஓ, அதுவா! அத்த சாய்ஸ்ல வுட்டுட்டேன் சார்."

"உடம்பு சரியில்லையா?"

ஆன்சி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "இன்னா சார் நீங்க! பெரிய கேள்வி அஞ்சு வரும், யூனிட்டுக்கு ஒண்ணு. மூணு எய்துனா போதும். அப்புறம் எதுக்கு சார் அஞ்சையும் படிச்சு பேஜாராவணும்? நாலாவதும் அஞ்சாவதும் சாய்ஸ். சீனியருங்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்கோ. மொத்த கிளாஸும் அப்டித்தான். நான் பர்ஸ்ட் கிளாஸ் தெரியுமா?"

"ஆனால் இப்போது தினமும் சாம்பலில்தானே..."

"அத்த ஏன் சார் கேக்கறீங்க. சாய்ஸ்ல வுட்ட பாவம், மூஞ்சில வந்து அப்பிக்கினு கீது."

டோரதி படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் ஆசிரியராக இருந்தும், சாய்ஸ் என்பது மறதிக்கு வைத்த சலுகை என்றே நம்பியிருந்தேன். சில சோம்பேறிகள் ஒன்றிரண்டை விடுவார்கள் என்று தெரியும். ஒரு வகுப்பே கூடிப் பேசி, வருடா வருடம் அதே இரண்டு அலகை விட்டுவருகிறது என்றால்!

"நீங்க அஞ்சையும் படிச்சீங்களாக்கும்?" என்றாள் டோரதி.

"படித்தேன்."

"அதான் இப்படி இருக்கீங்க."

ஜூன் 16, திங்கள்

சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட இரண்டு அலகுகளும் இங்குள்ள பிள்ளைகள் படிக்காமல் விடுகிற அதே இரண்டு. தஸ்னீம் படிக்காததும் அவையே. அவளாவது அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டைப் படித்திருக்கிறாள்.

இதைக் கூட்டத்தில் சொல்ல முடியுமா? சொன்னால் கல்லூரியைக் குறை சொன்னதாகாதா? பேடாதான் என்னை இப்படி யோசிக்க வைக்கிறதோ?

ஜூன் 17, செவ்வாய்

டோரதியை நாற்காலியில் உட்கார வைத்து, பேச வேண்டியதைப் பேசிக் காட்டினேன். "கேக்கவே இல்ல," என்றாள். மறுபடி பேசினேன். "இப்பவும் கேக்கல. மார்க்கெட்டுல மீன்காரன்கிட்ட விலை கேப்பீங்களே, அது மாதிரியே இருக்கு. அவன் உங்களத் தாண்டிப் பத்து பேருக்கு வித்துருவான்."

ஜூன் 18, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன். இல்லையென்றால் நடந்ததை நானே நம்பமாட்டேன்.

மகிமா, தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி சுடலைராஜ், நான். சுடலைராஜுக்கு ஊர் திசையன்விளைப் பக்கம்; நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்து, வந்ததும் "அண்ணாச்சி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர்; விதி என்றால் மட்டும் இரும்பு.

மற்றவர்களின் மனுக்கள் வேகமாக முடிந்தன. கடைசியில் தஸ்னீம். அறுபது சதவீதம் என்று வாசித்தேன்.

"எழுவத்தஞ்சு இல்லன்னா செல்லாது அண்ணாச்சி. இதுல பேச என்ன இருக்கு? அறுவதுக்கு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு அம்பத்தஞ்சுக்காரன் வந்து நிப்பான்." பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றேன். மீன்காரனிடம் கேட்கிற குரலில்தான். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கேட்டேன். இந்த முறை சற்று உரக்க வந்துவிட்டது. இருவரும் திரும்பினார்கள்.

"நம்முடைய மாணவர்கள் சாம்பல் கேள்விக்கு விடை எழுதுகிறார்களா?"

சுடலைராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. திருத்துற எடத்துல எவனாவது சாம்பல எழுதியிருந்தா, அந்தத் தாளத் தூக்கிப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டுவோம்லா!"

"பெட்ரோலியம்?"

"அதுவும் அதே கததான். ரெண்டும் சாய்ஸு."

"அப்படியென்றால் நம் பிள்ளைகளும் மூன்று அலகுதானே படிக்கிறார்கள்? அவர்களுக்கு மட்டும் நான்கு கிரெடிட்டும் முழுதாகக் கொடுக்கிறோமே."

சிரிப்பு பாதியில் நின்றது.

சுடலைராஜ் பேனாவை மெதுவாக மூடினார். "அண்ணாச்சி... நீங்க பேசாத ஆளுன்னுல்ல மேடம் சொன்னாங்க?"

"சரி சார், இத மினிட்ஸ்ல எப்படி எழுதறது?" என்றார் மகிமா. "எங்க பசங்களும் படிக்கிறதில்ல, அதனால ஏத்துக்கிட்டோம்னா?"

அதற்கும் ஒரு வழி பார்த்து வைத்திருந்தேன். இந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே, இந்தத் தாளைப் படித்த மாணவர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. யாரும் படிக்காத வரி. 'தம் பகுதியில் நடைபெறும் ஒரு தொழிலின் மூலப்பொருள், செய்முறை, கழிவு ஆகியவற்றை விளக்குவார்.' ஒரு தொழில் என்றுதான் இருக்கிறது. பெட்ரோலியம் என்று இல்லை. தோலும் ஒரு தொழில். அவள் பகுதியின் தொழில். அலகுகளின் தலைப்பை விட்டு இந்த நோக்கத்தை ஒப்பிட்டால் ஐந்து அலகும் நீலம். விதியில் 'ஒத்துப்போக வேண்டும்' என்றுதான் இருக்கிறதே தவிர, எதோடு எதை ஒப்பிட வேண்டும் என்று இல்லை.

சுடலைராஜ் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "இந்த ஊர்ல படிக்க வாறா. சாம்பல் என்னன்னு தெரியாமப் போகக் கூடாது. வகுப்புல ஒரு செமினார் குடுக்கணும். அதுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

கையெழுத்திட்டார். எழும்போது, "ஆனா நீங்க சொன்ன மத்த விசயத்த நான் விட மாட்டேன் அண்ணாச்சி," என்றார். எதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தால் அதே பெஞ்சில் லியாகத் அலி. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னய்யா, உங்க பேரனுக்குக் கெடச்சிச்சா?"

"கிடைத்துவிட்டது," என்றேன். "உங்களுக்கும் கிடைக்கும். உட்காருங்கள்."

ஜூன் 19, வியாழன்

டோரதி சங்கரா மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சுடலைராஜ் எதை விடமாட்டேன் என்றார் என்பது இன்று தெரிந்தது. கல்விக் குழுவில் பேசி, இந்த நவம்பரிலிருந்து எல்லாத் தாள்களிலும் வினாத்தாள் அமைப்பையே மாற்றிவிட்டார். ஒவ்வோர் அலகிலும் ஒரு கேள்விக்குக் கட்டாயம் விடையளிக்க வேண்டும். அலகுக்குள்ளேதான் இது அல்லது அது. இனி எதையும் சாய்ஸில் விட முடியாது.

மகிமா செய்தி அனுப்பியிருக்கிறார்: "சார், கொஞ்ச நாளைக்கு காலேஜ் பக்கம் வராதீங்க."

நவம்பர் 12, புதன்

கண் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்தில் கூட்டம். தேரடியில் கல்லூரிப் பெண்கள் பலர் ஏறினார்கள். இடம் பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உக்காருங்க தாத்தா."

வேண்டாம் என்பதற்குள் என் பையை வாங்கி இருக்கையில் வைத்துவிட்டாள். உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோழியோடு பேச்சைத் தொடர்ந்தாள்.

தோழி சொன்னாள்: "எவனோ ஒரு பெர்சு கமிட்டில வந்து வாய வுட்ச்சாம்டி. அதுலேர்ந்துதான் அஞ்சு யூனிட்டும் படின்னு உயிர வாங்கறானுங்கோ."

"அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்றாள் எனக்கு இடம் கொடுத்தவள். "எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

"உனக்கு இன்னா தஸ்னீம்? சாம்பல் சாம்பல்னு நீதான் சாரு பின்னாடியே சுத்திக்கினு கீறே."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். வெளியே ஒரு லாரியின் பக்கவாட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"செமினார் குடுத்தே ஆகணும்னு சொன்னாங்கடி. வேண்டா வெறுப்பாத்தான் படிச்சேன். படிச்சா நல்லாத்தான் இருக்கு. ப்ராஜெக்டே அதுல எடுத்துட்டேன். எங்க ஊரு தோல் கழிவையும் இந்த ஊரு சாம்பலையும் கலந்து செங்கல் போடப் போறேன். மொத கல்லு பொட்டுனு ஒடஞ்சு போச்சு. ரெண்டாவது நின்னுடுச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றப் பார்த்தேன். அவள் உடனே தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்தேன். இறங்கும்போது, "பாத்து தாத்தா, படி ஒசரம்," என்றாள். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

டோரதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கையில கெடைக்கட்டும்னாளா? கெடச்ச ஆளுக்கு சீட்டும் குடுத்து, தண்ணியும் குடுத்துல்லா அனுப்பியிருக்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாடிக்குப் போய் ஆன்சியிடமும் சொல்லிவிட்டு வந்தாள். மேலிருந்து ஆன்சியின் சிரிப்பு இன்னும் கேட்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகிமா அழைத்தார். டிசம்பரில் குழு மறுபடி கூடுகிறதாம். ஏழு பேர் மாறி வருகிறார்களாம். வருவீர்களா என்றார். வருகிறேன் என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது.