பாவாவின் பன்றி ரூபாய்

5 பிப்ரவரி 2006, ஞாயிறு

அரை நாள் லீவு கேட்டதற்கு லாட்ஜ் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திருத்தணியில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்க நான் ஒருத்தன்தான் பிறந்திருக்கிறேன் போல. இருக்கட்டும் என்று கனகம்மாசத்திரம் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி பாவாவின் கடை. மாதம் இரண்டு ஞாயிறு அங்கே மூன்று பேர் கூடுகிறோம். நான், என் அக்கா நிர்மலாவின் வீட்டுக்காரர் ராஜவேலு பாவா, அரக்கோணத்திலிருந்து வரும் ரயில்வே ஜம்புலிங்கம். புதிதாக வாங்கிய பழங்காசுகளைத் துண்டின்மேல் பரப்ப வேண்டும். எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து முடிக்கும் வரை யாரும் விலை சொல்லக்கூடாது.

என்னுடையது ஒரு காலணா, தேய்ந்தது. ஜம்புலிங்கம் ஒரு மைசூர் யானைக்காசு கொண்டுவந்து, அதைவிடப் பெரிதாகப் பீற்றிக்கொண்டார். கடைசியாக பாவா இடுப்பிலிருந்து எடுத்தாரே ஒன்று! நகரி அடகுக்கடையில் மீட்காமல் கிடந்த வெள்ளி ரூபாய்களோடு கிடைத்ததாம். 1911, ஐந்தாம் ஜார்ஜ். ராஜாவின் அங்கியில் உள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி இருக்கும். காசில் பன்றியா என்று ஜனங்கள் கொதித்துப்போக, வெளியே விடுவதை நிறுத்தி, மிச்சத்தை உருக்கிவிட்டார்களாம். தப்பித்த கொஞ்சத்தில் இது ஒன்று. புழங்காத காசு, மினுமினுப்பு அப்படியே இருக்கிறது.

பாவாவுக்குச் சர்க்கரையால் வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணில் லென்ஸ் வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார். பேச்சு மட்டும் வேறு. "கண்ணு என்னாத்துக்குடா மச்சான்? கட்டை வெரலு வெச்சேன், சிக்கினு புடிச்சுட்டேன்" என்றார்.

ஜம்புலிங்கம் பதறினார். "யோவ், ஓரத்தைப் புடிய்யா. மூஞ்சியைத் தேய்க்காத!"

பாவா கேட்டால்தானே.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

14 பிப்ரவரி

இன்றும் அந்தக் காசு நினைப்புதான். சாவியை மாற்றிக் கொடுத்து ஒரு குடும்பத்திடம் திட்டு வாங்கினேன்.

26 பிப்ரவரி, ஞாயிறு

பாவாவுக்கு இடது கண்ணிலும் ரத்தக் கசிவாம். இப்போதே ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வை நிற்கும், தள்ளிப் போடாதீர்கள் என்று சென்னை டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என்னிடம் இருப்பதைத் தருகிறேன் என்றேன். பாவா ஒத்துக்கொள்ளவில்லை. "மச்சான் காசுல கண்ணைத் தொறந்தா உங்க அக்காவை எப்டிடா நேருக்கு நேரா பாப்பேன்? பன்னி ரூபாயை வித்துடலாம்."

ஜம்புலிங்கம் அங்கேயே இருபதாயிரம் சொன்னார். ஆபரேஷனுக்கு அது போதும். பையைத் திறக்கப் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கண் தெரியாதவரிடம் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

நான்தான் ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ஒரு கம்பெனி இருக்கிறது, காசைப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று மார்க்கு போட்டு, பிளாஸ்டிக்கில் வைத்து மூடிக் கொடுப்பார்கள், அந்த மார்க்கோடு விற்றால் மூன்று பங்கு விலை. "ரெண்டே மாசம் பாவா."

"அவரு கண்ணு காத்துகினு இருக்காது தங்கவேல்" என்றார் ஜம்புலிங்கம்.

வாங்க வந்தவன் வேறு என்ன சொல்வான்? அதை மனசோடு வைத்துக்கொள்ளாமல் அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். மனிதர் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அக்கா சொன்னாள்: "உனக்குத்தான் தெரியும்டா இதெல்லாம். பாத்து செய்யி."

1 மார்ச்

அந்தக் கம்பெனிக்கு அனுப்பி வைக்கும் சென்னை ஏஜெண்டிடம் காசை ஒப்படைத்தேன். கட்டணம், விமானத் தபால், இன்சூரன்ஸ், அவன் பங்கு என்று என் ஒரு மாதச் சம்பளம் போயிற்று. பாவாவிடம் பாதிதான் சொன்னேன்.

12 ஏப்ரல்

காசு இன்னும் சென்னையைத் தாண்டவே இல்லை! ஏஜெண்டின் பீரோவிலேயே இருக்கிறது.

"லாட் சேரணும் சார். ஒத்தைக் காசை அனுப்பினா கட்டுப்படி ஆவாது" என்கிறான். திருப்பிக் கொடு என்றேன். கொடுப்பேன், கட்டின பணம் வராது என்றான். பிறகு, சரி, சீக்கிரம் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் வாங்கி வரவில்லை? ஒரு மாதச் சம்பளம்தானே? ஏன்?

14 மே, ஞாயிறு

ஜம்புலிங்கம் இந்தத் தடவையும் வரவில்லை. பாவாவும் நானும் மட்டும். நான் கொண்டுபோன அரையணாவை மூக்கில் படும் அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "பொகை மாதிரி இருக்குடா. அடுப்புல ஏதாச்சும் எரியுதா?" என்று கேட்டார். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

காசு அமெரிக்கா போய்விட்டது என்று ஏஜெண்ட் போனில் சொன்னான். வரிசையில் இருக்கிறதாம்.

17 மே

மானத்தை விட்டு அரக்கோணம் போனேன். காசு வந்ததும் உங்களுக்கே தருகிறோம், அந்த இருபதாயிரத்தை இப்போது கொடுங்கள் என்று கேட்டேன். ஜம்புலிங்கம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"இருந்தா குடுக்க மாட்டனாய்யா? பொண்ணு கல்யாணத்துக்குப் போயிடுச்சு. அன்னிக்கு அவரு கண்ணுக்குனுதான் எடுத்துகினு வந்தேன். நீ என்னைத் திருடன்னுட்ட."

நடந்தே ஸ்டேஷனுக்கு வந்தேன். இரண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

18 ஜூலை

கிருத்திகைக்கு ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. காவடி வைக்க இடமில்லாமல் லாட்ஜ் வராந்தாவெல்லாம் மயில் இறகு. மேலே மலையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. என் பேராசைக்கு முருகன் என்ன செய்வான்?

என் பணத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மறுபடி பாவாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "காசு வரட்டும். நீதான் சொன்னியே" என்கிறார். என்னை அவ்வளவு நம்புகிறார் மனுஷன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் அக்கா போன் செய்தாள். "கடை ஷட்டரைத் தூக்கிட்டாருடா. தூக்கிட்டு, இன்னும் கீழ குனிஞ்சு பூட்டைத் தேடிகினு இருந்தாரு."

லாட்ஜில் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

23 ஆகஸ்ட்

டாக்டர் பார்த்தார். இனி ஆபரேஷன் பிரயோஜனம் இல்லை. "ஃபிப்ரவரியிலயே வரச் சொன்னேனே?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்தில் பாவா, "கடையில வேலை சார், விட்டுட்டு வர முடியல" என்றார்.

ஐயோ, அவர் ஏன் அப்படிச் சொன்னார்? திட்டியிருக்கலாமே. இவன்தான் கெடுத்தான்னு சொல்லியிருக்கலாமே. பாவி நான், வாயைத் தொறக்கல.

9 அக்டோபர்

காசு வந்துவிட்டது. எழுபதுக்கு அறுபத்து நான்கு. பன்றி ரூபாயில் இந்த மார்க்கு பார்த்ததே இல்லை என்று ஏஜெண்ட் குதித்தான். அறுபதாயிரத்துக்கு ஆள் இருக்கிறதாம். நான் கணக்குப் போட்டது சரிதான், மூன்று பங்கு. ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

15 அக்டோபர், ஞாயிறு

பாவா கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பித் தடவினார்.

"என்னடா இது, சோப்பு டப்பா?"

"உள்ளே இருக்கு பாவா."

"எடு."

"எடுக்க வராது. ஒட்டிட்டாங்க. ஒடைச்சா மார்க்கு போயிடும்."

"யாருக்குடா மார்க்கு?"

விற்று வரவா என்று கேட்டேன். கண்ணுக்காகத்தான் விற்கச் சொன்னேன், இப்போது எதற்கு என்றார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

29 அக்டோபர்

பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டுகிறாராம். அக்கா சொன்னாள்.

12 நவம்பர், ஞாயிறு

இன்று உடைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கடையில் இருந்த ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து, பெட்டியைத் துணியில் சுற்றி ஓரத்தில் போட்டேன். மூன்றாவது போட்டில் விட்டது. அறுபத்து நான்கு என்று அச்சடித்த சீட்டு இரண்டாகக் கிழிந்தது. காசுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாவாவின் வலது கையில் வைத்தேன். ஓரத்தைப் பிடியுங்கள் என்று சொல்ல ஜம்புலிங்கம் இல்லை. கட்டை விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையாவது கொடுத்தோமே என்று இருந்தது.

"ஆங், கீறான்டா. யானை, தும்பிக்கை எல்லாம் அப்படியே கீது. பத்திரமா வந்துட்டான்" என்றார்.

அவர் விரல் இருந்தது எழுத்துப் பக்கம். ராஜா தலை உள்ளங்கைக்குள் கவிழ்ந்து கிடந்தது. நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். சர்க்கரையால் விரலும் மரத்துப் போய்விட்டது, டீ டம்ளர் சுடுவதுகூடத் தெரியவில்லை என்று பிறகு வாசலில் வைத்துச் சொன்னாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவர்தான் தடுத்து வைத்திருந்தாராம்.

"ஆங் பாவா, கீறான்" என்றேன்.

காசைத் துண்டின்மேல் வைத்துவிட்டு, கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தார். "இப்ப நிம்மதியா ஒனக்கு?" என்று கேட்டார்.

நிம்மதி என்று சொன்னேன். அக்கா துடைப்பம் கொண்டுவந்து, அவர் காலில் குத்திவிடாமல் பிளாஸ்டிக் துண்டுகளைப் பெருக்கினாள்.