நான் அனுப்பிய அளவுச்சட்டை

ஹவுன்ஸ்லோ, லண்டன்
14 யூன், ஞாயிறு

அன்பான கிளறிற்றாவுக்கு,

உம்முடைய பேரை நான் எழுதுவது இதுதான் முதல் தரம். நாற்பத்தொரு வருடமாக இஞ்சேரும் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தபோது நல்ல வடிவான பேர் என்று தெரிந்தது. நான் சுகம். முழங்கால் குத்து மட்டும் மாறவில்லை. மாதாவின் கிருபையால் நீரும் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன்.

இதை யாரைக்கொண்டு எழுதுவித்தேன் என்று யோசிப்பீர். ஒருவரும் இல்லை. நானேதான். இங்கே கோயில் மண்டபத்தில் புதன்கிழமைகளில் ரஞ்சனா ரீச்சர் எங்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறா. ஏழு பேர், எல்லாரும் அறுபது தாண்டினவர்கள். போனில் சொன்னால் சிரிப்பீர் என்று மறைத்து வைத்திருந்தேன். ஷெறோன் வேலைக்குப் போன பிறகு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். இன்றைக்கு நாலாம் நாள். கிழிந்த வலை பொத்துவதைவிட இது மெல்லப் போகிற வேலை. ஆனாலும் ஒரு வரி முடிந்தால் எழும்பி நின்று பார்க்கிறேன், அவ்வளவு சந்தோசம்.

முந்தி திருகோணமலையில் தொழிலுக்கு நின்ற காலத்தில் உமக்கு வந்த கடிதமெல்லாம் மீன் வாடிக் கணக்கப்பிள்ளை எழுதினது. அந்த மனுசனுக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல? நான் நலம், மீன்பாடு பரவாயில்லை என்று சொல்லிப் பெருவிரலை வைத்துவிடுவேன். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குள்ளேயே இருந்துவிட்டது. இந்த முறை அப்படி விடமாட்டேன். போனிலும் சொல்ல ஏலாது. போன் ஷெறோனுடையது, எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைக்கிறோம்.

மூன்று கிழமையாக நீர் போன் எடுப்பதில்லை. நீர் தைக்கிற சட்டையை ஷெறோன் போடாவிட்டால் அவளுடைய கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர். பாசையூரில் பாதி மணப்பெண்களுக்கு வெள்ளைச் சட்டை தைத்த கை, சொந்தப் பிள்ளை கடையில் வாங்குகிறாள் என்றால் கோயிலில் என்ன முகத்தோடு நிற்பேன் என்று கேட்டீர். உம்மில் பிழை இல்லை. பிள்ளையிலும் இல்லை. பிழை என்னுடையது.

நான் லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் அளவுச்சட்டை ஒன்று அனுப்பு என்று நீர் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தீர். அவள் நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினாள். விமான நிலையக் கடையில் ஓயாத ஷிப்ட், பிள்ளைக்கு நேரமில்லை என்று நினைத்தேன். அவளைக் கேளாமல் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசைத் திறந்து, அடியில் கிடந்த நீலச் சாறிச் சட்டையை எடுத்து, இங்கேயிருந்து ஊருக்கு வந்த மயூராவிடம் கொடுத்துவிட்டேன். அளவுச்சட்டை கையில் இருந்தால் நீர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவீர் என்று எனக்குத் தெரியும்தானே. வெட்டியாச்சு, மீன்வால் மாதிரி உடம்போடு பிடிக்கிற வடிவம் என்று நீர் போனில் சொன்ன அன்றுதான், நான் செய்த கெட்டித்தனத்தை அவளிடம் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பூட்டினாள். அரை மணித்தியாலம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாள்தான், உங்கட சட்டை வேண்டாம் அம்மா என்று உமக்குச் சொன்னாள்.

ஆறாம் திகதி சனிக்கிழமை விம்பிள்டனில் ஒரு மணப்பெண் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை சட்டையை முதலே பார்க்கக் கூடாது, அதோடு டெஸ்மனுக்கு அன்றைக்கு பஸ் ஓட்டுகிற ஷிப்ட். கடையில் அளவெடுக்கிறவ மங்கலம் என்று ஒரு மலேசியாத் தமிழ்ப் பெண். வெள்ளைக்காரக் கடையில் தமிழ் ஆட்களைக் கண்ட சந்தோசத்தில் என்னை ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தந்தா. பிறகு எனக்கும் பாடம் எடுத்தா. சில பெண்கள் உடுக்கு மாதிரியாம், சிலர் ஆப்பிள் மாதிரியாம். உங்க மகள் பேரிக்காய், ஐயா, தோள் ஒடுக்கம், இடுப்பு அகலம் என்றா. தகப்பனுக்கு முன்னால் பிள்ளையைப் பழமாக்குகிறாவே என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரிக்காய் உடம்புக்கு ஆங்கில ஏ எழுத்து மாதிரி இடுப்பிலிருந்து விரிகிற சட்டைதான் எடுப்பாக இருக்கும், மீன்வால் வேண்டாம் என்றா. எனக்கு அந்த எழுத்துத் தெரியும் என்று சொன்னேன். அவ சிரித்தா, நானும் சிரித்தேன். அதுதான் நான் அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது.

திரைக்குள் கொண்டுபோய் அளவெடுத்தா. ஷெறோன் ஆங்கிலத்தில் மெல்ல என்னவோ சொன்னாள். பிறகு மங்கலம் தமிழில், கவலைப்படாதே தங்கச்சி, ஆபரேஷன்ல இடப்பக்கம் எடுத்துட்டா என்ன, உள்ளே பஞ்சு வைச்சுத் தைச்சுத் தர்றேன், ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கும், யாருக்கும் தெரியாது என்றா. அவவில் குற்றமில்லை. ஆறுதல் சொல்கிறதாகத்தான் நினைத்தா.

கிளறிற்றா, இந்த இடத்தை எழுத எனக்கு ஒரு நாள் போனது.

எங்கள் பிள்ளைக்கு ஒரு மார்பு இல்லை. புற்றுநோய். மூன்று வருடத்துக்கு முந்தி வெட்டி எடுத்திருக்கிறார்கள். நான் அனுப்பின நீலச் சட்டை அதற்கு முந்தினது. நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்க, எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். சுவரில் இருந்த படத்துக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் வாசிக்க வரவில்லை.

தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வீடியோவில் வந்தாளே, நினைவிருக்கிறதா? லண்டனில் இதுதான் இப்ப ஸ்டைல் என்றாள். நீர் பத்து நாள் அவளோடு கதைக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்துகொண்டு, நல்லகாலம், பேன் பார்க்கிற வேலை மிச்சம் என்று பகிடி விட்டேன். அவள் சிரித்தாள். அது மருந்தால் மயிர் கொட்டின காலம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பிறகு திரைக்குள்ளிருந்து ஷெறோன் தமிழிலேயே சொன்னது கேட்டது. பஞ்சு வேண்டாம் அக்கா, எனக்கு இருக்கிற உடம்புக்குப் பொருந்துகிற சட்டை இருந்தால் காட்டுங்கோ என்றாள். மங்கலம் பதினொரு சட்டை கொண்டுவந்தா. ஏ எழுத்து வடிவில் இடுப்பு நல்லாக இருந்தது, நெஞ்சில் ஒரு பக்கம் காற்றுப்போன மாதிரி மடிந்தது. கடையில் இருக்கிற சட்டை எல்லாம் இரண்டு மார்பு உள்ளவர்களுக்கு வெட்டினவை. ஒன்றும் வாங்காமல் வந்தோம்.

வருகிற வழியில் பஸ்ஸில் கேட்டேன். இப்போது சுகமாம். பரிசோதனைக்கு ஒழுங்காகப் போகிறாளாம். டெஸ்மனிடம் பழகின முதல் கிழமையே சொல்லிவிட்டாளாம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டதற்கு யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நல்ல பொடியன் என்று விளங்கிக்கொண்டேன். பிறகு என் கையைப் பிடித்து, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அப்பா, அவ அழுதுகொண்டு தைத்து மெஷினுக்குள் விரலை விடுவா என்றாள். நான் ஓம் என்றேன்.

அந்த ஓமை உடைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாவமோ தெரியாது. ஆனால் பதினெட்டாம் திகதி யூலை, தாய் இல்லாமல் அவள் கோயில் வாசலில் நிற்க, நான் காரணம் தெரிந்தும் வாய் மூடி நின்றால் அது பெரிய பாவம். ரஞ்சனா ரீச்சர் நாளை யாழ்ப்பாணம் வாறா. உம்முடைய கையில் தருவா. எழுத்துப் பிழை பார்த்துத் தாறன் என்று கேட்டா. இதை மட்டும் காட்டமாட்டேன், உறையை ஒட்டித்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன்.

கூன் விழுந்த பிள்ளை எமில்டாவுக்கு, கோயிலில் முதல் நன்மை எடுக்கிற நாளுக்கு நீர் சட்டை தைத்தீரே. நீர் கூனை மறைக்கவில்லை. தோளிலிருந்து ஒரு மடிப்பு விட்டீர், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அன்றைக்கு நடந்த நடை எனக்கு மறக்கவில்லை. இங்கே இவ்வளவு பெரிய கடையில் அந்த மடிப்புத் தெரிந்த ஆள் இல்லை.

வெட்டின சட்டையின் தையலைப் பிரியும். துணி மிச்சத்தையும் லேசையும் பெட்டியில் வையும். ரிக்கெற் அப்படியே இருக்கிறது, விசாவும் இருக்கிறது. வந்ததும் அவளைக் கேள்வி கேட்காதேயும், கட்டிப் பிடித்து அழவும் வேண்டாம். அளவுச்சட்டை சரிவரவில்லை, நேரில் அளவெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். அவள் திரும்பி நின்று கையை உயர்த்துவாள். மிச்சத்தை உம்முடைய அளவு நாடா பார்த்துக்கொள்ளும்.

நான் அப்போது கடைக்குப் பால் வாங்கப் போய்விடுவேன்.

மாதா உம்மைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

இதுவரை பெருவிரல் மட்டும் வைத்த,
உம்முடைய
நீக்கிலாப்பிள்ளை