ஊர்தி எண் மூன்றின் தெர்மோஸ்டாட் குறித்து

அனுப்புநர்
ஓட்டுநர், நோயாளர் ஊர்தி எண் மூன்று,
பொது மருத்துவமனை.
(பத்தொன்பது ஆண்டுப் பணி. வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.)

பெறுநர்
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
பொது மருத்துவமனை,
முதல் மாடி, சன்னலோர அறை.

பொருள்: ஊர்தியின் ஹீட்டர் சூடாகாமை – என்ஜினில் தெர்மோஸ்டாட் இல்லை எனக் கண்டறிந்தது – அது இருக்குமிடத்தையும் கண்டறிந்தது – இன்று மாலைக்குள் அதைத் தந்துதவ வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பிஸ்கட் அட்டை தொடர்பாக விளக்கம் கேட்டு எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி குறிப்பாணைக்கு மூன்று நாளில் விளக்கம் தரும்படி கேட்டிருந்தீர்கள். விளக்கமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் அது புகாராகிவிட்டது. ஆகவே புகாராகவே எழுதி முடித்துவிட்டேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மலைமேல் குடியிருப்பில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நமது மருத்துவமனைக்கு இறங்கி வருவதும், மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டு வாசலில் விடுவதும் என் பணி. ஏழு பேரும் சிறுநீரகம் பழுதானவர்கள். டயாலிசிஸ் இயந்திரத்தில் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு எழுந்து வருபவர்கள். நமக்கெல்லாம் ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிற குளிரில் அவர்களுக்குப் பல் கிட்டிப்போகும். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன் ஐயா.

2. இந்த ஆண்டு குளிர் தொடங்கியதிலிருந்து, ஹீட்டரைத் திருகினால் வெளியே இருக்கும் குளிரே உள்ளேயும் வருகிறது. டீசலை மிச்சம் பிடித்து நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று பின்சீட்டில் பேச்சு எழுந்தது. ஹீட்டருக்கென்று தனியாக டீசல் செலவாவதில்லை, அது என்ஜினின் சூட்டிலேயே ஓடுவது என்று எடுத்துச் சொன்னேன். அப்படியானால் என்ஜினையும் அணைத்து வைத்துத்தான் ஓட்டுகிறாயா என்று கேட்டார்கள்.

3. கோளாறு என்னவென்று கண்டுபிடித்தவர் முன்சீட்டில் வரும் பிரிட்ஜ்காரர். முப்பது ஆண்டு குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தவர். இப்போது நமது நோயாளி. வாழ்நாள் முழுக்கக் குளிரை உண்டாக்கிவிட்டு இப்படி நடுங்கி வருவது தனக்கு வேண்டியதுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மலையிறங்கும் ஒரு மணி நேரமும் சூடு காட்டும் முள் அடிக்கோட்டைவிட்டு எழவே இல்லை என்பதை மூன்று பயணம் கவனித்துவிட்டு, என்னை ஒரு சோதனை செய்யச் சொன்னார். அதன்படி, இரவெல்லாம் நின்று ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல்பக்கம் வந்து சேரும் தடித்த ரப்பர் குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

4. தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கதவு. என்ஜினில் உள்ள தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடிக்கொண்டிருக்கும். சூடானதும் தானாகத் திறக்கும். தங்கள் அறை வாசலில் இருக்கும் உதவியாளரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அது ஒழுங்காக இருந்தால் அந்தக் குழாய் நெடுநேரம் குளிர்ந்தே கிடந்து, பிறகு ஒரேயடியாகச் சூடாக வேண்டும். நமது வண்டியிலோ ஸ்டார்ட் செய்த இரண்டாம் நிமிடமே குழாய் வெதுவெதுவென்று ஆகத் தொடங்கியது. கதவு திறந்தபடியே சிக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவே இருக்கக்கூடாது என்றார் பிரிட்ஜ்காரர். அன்று மாலை அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். வெறும் ஓட்டை. காணாமல் போன பொருள் எத்தனை நாளாகக் காணவில்லை என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

5. உடனே பண்டகசாலைக்கு ஓடினேன். பழைய தெர்மோஸ்டாட்டை ஒப்படைத்தால்தான் புதியது வழங்கப்படும் என்றார் பண்டகக் காப்பாளர். பழையது காணவில்லை என்றேன். காணவில்லை என்று எழுதித்தரச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். பணிமனைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் ‘தெர்மோஸ்டாட்: உள்ளது, நலம்’ என்று மாதந்தோறும் பதிவாகியிருப்பதால் காணவில்லை என்பதை ஏற்க இயலாது என்று என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே சொந்தக் காசில் வாங்கிவிடலாம் என்று போனால், இது பழைய மாடல், வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள்.

6. இனி அந்தப் பிஸ்கட் அட்டை. ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்துக் காற்றைத் தடுத்தால் என்ஜின் கொஞ்சமாவது சூடாகும் என்று பிரிட்ஜ்காரர் சொன்னார். கடைத்தெருவில் கிடைத்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் கட்டினேன். முள் நடுக்கோட்டுக்கு வந்தது. ஹீட்டரில் சூடு வந்தது. இரண்டு வாரம் ஏழு பேரும் கால் நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தார்கள். ஏற்றத்தில் அட்டையை எடுத்துவிடுவதும் இறக்கத்தில் கட்டுவதுமாக நான் இறங்கி ஏறியதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அட்டையில் ‘மொறுமொறு பிஸ்கட் – வாய் ஓயாது’ என்று அச்சிட்டிருந்தது உண்மை. அரசு ஊர்தியில் அனுமதியின்றித் தனியார் விளம்பரம் செய்ததாகக் குற்றம் சாட்டியுள்ளீர்கள். ஐயா, விளம்பரம் செய்கிறவன் எழுத்தைத் தலைகீழாகவா கட்டுவான்? பிஸ்கட் நிறுவனத்திடம் நான் பெற்ற பலன் என்னவென்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு பிஸ்கட்கூடப் பெறவில்லை.

7. சென்ற புதன்கிழமை அட்டை பறிமுதல் செய்யப்பட்டு, முத்திரையிட்டு, அலமாரியில் சான்றுப்பொருளாக வைக்கப்பட்டது. வியாழக்கிழமை வண்டி மறுபடியும் ஐஸ்பெட்டி ஆனது. எழுவரில் ஒருவர் தையற்காரர். எங்கள் வண்டிக்குக் கலகலப்பே அவர்தான். தன் வீட்டுப் பழைய கம்பளியை வெட்டி, கதவு இடுக்கில் காற்று நுழையாதபடி தைத்து மாட்டியவர். அன்று வழி நெடுக அவர் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தே வந்தார். சனிக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். சன்னலை மட்டும் திறந்தார்.

“தம்பி, அந்த மெஷின்ல நாலு மணி நேரம் படுத்துக்கிடுவேன். உங்க வண்டியில ஒரு மணி நேரம் உக்கார என்னால முடியல. நான் வரலன்னு சொல்லிடுங்க.”

கெஞ்சிப் பார்த்தேன். சன்னலைச் சாத்திவிட்டார். ஆறு பேரோடுதான் இறங்கி வந்தேன். ஒரு முறை தவறினால் எப்படியோ சமாளிப்பார், இரண்டாம் முறையும் தவறினால் ஆள் தாங்கமாட்டார் என்று டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் என்னிடம் கறாராகச் சொன்னார். அந்த இரண்டாம் முறை நாளைக் காலை.

8. இந்நிலையில், இன்று முற்பகல் பதினொரு மணிக்கு, குறிப்பாணையைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைத் தர தங்கள் அறைக்கு வந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். மேசைமேல் வைத்துவிட்டுப் போகும்படி உதவியாளர் சொன்னார். வைக்கப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தங்கள் கோப்புகளின்மேல், காற்றில் தாள்கள் பறக்காதபடி, பளபளவென்று ஒரு பித்தளைப் பொருள். நடுவில் சுருள்கம்பி, விளிம்பில் 82 என்ற எண். ஊர்தி எண் மூன்றின் தெர்மோஸ்டாட், ஐயா! எத்தனை டிகிரியில் திறக்க வேண்டுமோ அந்த எண்ணை விளிம்பில் பொறித்திருப்பார்கள் என்று பிரிட்ஜ்காரர் சொல்லியிருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை.

9. இவ்விடத்தில் ஒரு குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எடுத்த நொடியில் சன்னல் வழியே அடித்த காற்றில் கோப்பிலிருந்த தாள்கள் அத்தனையும் பறந்தன. நானும் உதவியாளரும் மேசைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினோம். விடுப்பு விண்ணப்பங்களும் கட்டில் மெத்தை கொள்முதல் தாள்களும் கொஞ்சம் கலந்திருக்கலாம். மெத்தை ஏதாவது மகப்பேறு விடுப்பு கேட்டிருந்தால் அது என் தவறே. பொருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. ஏற்கெனவே பிஸ்கட் வழக்கு ஒன்று தலைமேல் இருப்பதால் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

10. அது தங்களிடம் எப்படி வந்தது என்பதை நண்பகலில் பணிமனைக்குப் போய் விசாரித்தேன். அங்குள்ள தலைமை மெக்கானிக்கைப் பற்றி நான் அதிகம் எழுதக் கூடாது. அவர் என் மனைவியின் அண்ணன். சென்ற கோடையில் வண்டி சூடேறி நின்றபோது, விசிறி பெல்ட் தளர்ந்திருந்ததைப் பார்க்காமல், தண்ணீரை வழிமறிக்கிற சாமான் எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். எதைக் கழற்றினாலும் வண்டி ஓடினால் அந்தச் சாமான் தேவையில்லாதது என்பது அவர் கொள்கை. கழற்றியதைக் குப்பையில் போடும் பழக்கமும் இல்லை. பல்பொடி போட்டுத் தேய்த்து, அடியில் பச்சைத்துணி ஒட்டி, அலுவலர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவார். முந்தைய அலுவலர் பிஸ்டனில் பேனா வைத்திருந்ததைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். பொருள் வளாகத்துக்குள்ளேயே பத்திரமாக இருப்பதால்தான் ‘உள்ளது, நலம்’ என்று எழுதி வந்தாராம்.

11. போய்க் கேட்டு வாங்கி வாருங்கள் என்று அவரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆசையாகக் கொடுத்ததை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திருப்பிக் கேட்பது மாப்பிள்ளை என்று கிரீஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஆகவே அந்த மூஞ்சியாக நான் வர வேண்டியதாயிற்று. வீட்டில் சண்டை வரும் என்று பயந்து இம்மனுவை முதலில் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அண்ணனைப் பற்றிய பத்தி வந்தபோது முகம் கடுகடுத்தது. தையற்காரர் பற்றிய பத்தியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, “முதல்ல அந்த மனுஷனுக்குச் சூடு வரட்டும். எங்கண்ணனை நான் பாத்துக்கறேன்” என்றார். மெக்கானிக்கின் மேல் தாங்கள் தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. என் மனைவி எடுப்பதே போதுமானது.

12. ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. தங்கள் மேசைமேல் உள்ள தெர்மோஸ்டாட்டை இம்மனு கொண்டுவருபவரிடம், அதாவது வாசலில் நிற்கும் என்னிடம், தந்தருள வேண்டும். பச்சைத்துணியைப் பிய்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கதவு திறக்கிறதா என்று பார்த்து, இரவுக்குள் மாட்டிவிடுவதாகத் தலைமை மெக்கானிக் என் மனைவி முன்னிலையில் ஒப்புக்கொண்டுள்ளார். ஒருவேளை திறக்கவில்லையென்றால், ஒப்படைக்கக் கையில் பழையது ஒன்று இருப்பதால் பண்டகக் காப்பாளர் புதியது தந்தே தீர வேண்டும். அதுவும் முடியாதென்றால் அந்தப் பிஸ்கட் அட்டையையாவது விடுதலை செய்யுங்கள். எழுத்து வெளியே தெரியாதபடி உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுகிறேன். விளம்பரக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை தந்தாலும், அதைக் குளிர்காலம் முடிந்தபின் தந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

நாளை ஐந்தரை மணிக்குத் தையற்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவேன். அவர் சன்னலை மட்டும் திறந்தால், நான் போய்க் கதவைத் தட்டி, அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஹீட்டரின் முன்னால் நீட்டச் சொல்வேன். அப்போது அந்தக் கைக்குச் சூடு படவேண்டும் ஐயா. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டை எடுத்தபின் கோப்புகள் மறுபடி பறந்து தங்களுக்குச் சிரமம் வரக்கூடாது என்பதால், அதற்கு மாற்றுப் பொருளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அது எந்த வண்டியிலிருந்தும் கழற்றப்பட்டதல்ல என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: தங்கள் அறை வாசல், மரப்பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி

தங்கள் பதிலுக்காக எழுந்து நிற்கும்,
(ஒப்பம்)
ஊர்தி எண் மூன்றின் ஓட்டுநர்

இணைப்பு:
1. குறிப்பாணையின் நகல் – ஒன்று.
2. பயணிகள் ஆறு பேரின் கையொப்பம், சனிக்கிழமை மாலை வண்டியில் வாங்கியது. ஏழாவது வரி தையற்காரருக்காகக் காலியாக விடப்பட்டுள்ளது. நாளை வண்டியில் வைத்து வாங்கித் தருகிறேன்.
3. ஆற்றுக் கூழாங்கல், கழுவித் துடைத்தது – ஒன்று.