ஆறு பாடங்களிலும் தேறியவன்

மார்ச் 4, செவ்வாய்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களுக்கான ஆறு பாதுகாப்புப் பாடங்களையும் ஒரே பேக்கேஜாக, ஒரு ஜிப் கோப்பில் கட்டி, கிடங்கின் பயிற்சி இணையதளத்தில் போன வாரம் ஏற்றினேன். இன்று முதல் அறிக்கை வந்தது. தம்பியின் பெயரைத்தான் முதலில் தேடினேன். அவன் அந்தக் கிடங்கில்தான் வண்டி ஓட்டுகிறான்.

முதல் பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறியிருக்கிறான். மற்ற ஐந்திலும் முழு மதிப்பெண். பரீட்சை என்றாலே வயிற்றுவலி வருகிற பிள்ளை இவன். அதோடு, பாடம் ஏற ஏற அவன் எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே போகிறது. கடைசிப் பாடத்தை டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டான்.

யார் காதில் பூ சுற்றுகிறான்?

மார்ச் 5, புதன்

எங்கள் அலுவலகத்தில் பேக்கேஜ்களைச் சோதிப்பவரிடம் கேட்டேன். “தொறந்து பாத்தேன், நல்லா ஓடுது” என்றார். அப்படியானால் கோளாறு ஓட்டுநரிடம்தான்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவின் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு தம்பி வந்தான். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “சுமையோட சரிவுல இறங்கணும்னா வண்டிய எப்படி எடுப்ப?”

“மெதுவா எடுப்பேன்.”

“முன்பக்கமாவா, ரிவர்ஸ்லயா?”

யோசித்தான். “அது எந்தப் பாடத்துல வருது?”

நாலாவதில் என்றேன். முகம் மாறியது. செருப்பை மாட்டிக்கொண்டே, “எல்லாத்தையும் பாத்தேன்க்கா” என்றான். நான் பாடத்தைப் பார்த்தானா என்று கேட்கவே இல்லையே. ஏன் தானாக வந்து சொல்கிறான்?

போன வருடம் அந்தக் கிடங்கின் சரிவில் ஒருவர் சுமையைக் கவிழ்த்துக் காலை இழந்தார். இவனுக்கு அப்படி ஏதாவது ஆனால் அம்மாவிடம் நான் என்ன சொல்வேன்? பயமாக இருக்கிறது. கோபமும் வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

கிடங்கின் பயிற்சி அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். தம்பி என்றும் சொன்னேன், மறைக்கவில்லை. விசாரணை முடியும்வரை அவனை வண்டியிலிருந்து இறக்கி, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

நல்லதற்குத்தான் செய்தேன். நல்லதற்குத்தானே?

மார்ச் 10, திங்கள்

அதிகாரி போன் செய்தார். “உங்க தம்பி மட்டும் இல்ல மேடம். அத்தன பேரும் அப்படித்தான் முடிச்சிருக்காங்க.”

கூட்டுக் களவாணிகள். ஒருவன் விடையைச் சொல்ல மற்றவர்கள் அமுக்கியிருக்கிறார்கள். கேள்விகளின் வரிசையைக் கலைத்துப் போடுகிறேன், அப்போது தெரியும் என்றேன். அதற்காக பேக்கேஜைப் பிரித்தேன்.

எந்தப் பாடத்துக்கு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தளத்துக்குச் சொல்கிற கோப்பு ஒன்று உள்ளே இருக்கும். முதல் பாடத்துக்கான வரியை எழுதி, அதையே ஐந்து முறை ஒட்டி, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். பக்கத்தின் முகவரியை மாற்றவில்லை. எந்தத் தலைப்பை அழுத்தினாலும் முதல் பாடமே திறக்கும்.

நான்தான். வேறு யாருமில்லை. சோதித்தவர் முதல் தலைப்பை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்.

அத்தனை பேரும் ஒரே பாடத்தை ஆறு முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட ஏன் கேட்கவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் மேலாளரிடமும் கிடங்கு அதிகாரியிடமும் உள்ளதைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறு தலைப்பையும் நானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுப் புதிய பேக்கேஜை ஏற்றினேன். எல்லாரும் மறுபடி படிக்க வேண்டும். தம்பியும் படித்து முடித்ததும் வண்டியில் ஏறலாம்.

அவனுக்கு போன் செய்தேன்.

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“ரெண்டாவது பாடத்துலயே தெரிஞ்சுது. எல்லாருக்கும்தான் தெரிஞ்சுது. ஆபீஸ்ல சொல்லலாம்னாங்க. எங்கக்கா பண்ணது, அவளுக்குப் பிரச்சினை ஆயிடும், நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்னு கெஞ்சி வச்சிருந்தேன்.”

“அப்ப நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லத்தான் வந்தேன். நீ எங்க கேட்டக்கா? விசாரிச்ச. மறுநாளே அதிகாரிகிட்ட சொல்லிட்ட.”

வைத்துவிட்டான். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் சாப்பிட வந்தான். நேற்றிலிருந்து மறுபடி வண்டி ஓட்டுகிறானாம், அம்மாவிடம்தான் சொன்னான். அவளுக்கு ஆறவே இல்லை. “அப்படி உன்னப் போட்டுக் குடுத்தது யாருடா?” என்று கேட்டாள். என் கையில் சோறு அப்படியே நின்றது.

“யாரோ ஆபீஸ்ல இருக்கறவங்கம்மா. தெரியாம சொல்லிட்டாங்க, விடு” என்றான். என் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டு முடித்தான்.