அக்கா, உன் பெயருக்கு அர்த்தம் இருக்கிறது

என் அன்பு ஒல்வென் அக்காவுக்கு,

உன் பெயருக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இன்னும் ஒரு நாள் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அதைவிடப் பெரிய செய்தியும் கையில் இருக்கிறது. ஆனால், "உனக்கு ஒண்டையும் தலையில இருந்து சொல்லத் தெரியாது, வாலைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாய்" என்று நீ திட்டுவாய். அதனால் ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

நம் ஷாமினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீ தூக்கி வளர்த்த என் மகள் இப்போது வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து மாடி வீட்டில் வாழ்கிறாள். அவள் கணவன் கார்த்திக்கை நீ பார்த்ததில்லை. புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம், தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், விரதம் பூசை எதையும் விடாதவர்கள். கொட்டாஞ்சேனை வேதக்காரப் பெண் அந்த வீட்டுக்குப் போனது தனிக் கதை. ஞானஸ்நானப் பேச்சை இரண்டு பக்கமும் இன்னும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

குழந்தையை முதன்முதலாக என் கையில் தந்தபோதே ஷாமினி சொல்லிவிட்டாள். "அம்மா, இவளுக்குப் பெரியம்மாட பேர்தான் வைக்கப் போறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெயரோடு நீ பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்? கோட்டையில் நீ வேலை செய்த கம்பெனியில் டெலிபோனை எடுத்துப் பெயரைச் சொன்னால் மறுபக்கத்தில், "யாரு, அல்வினா?" என்பார்கள். "ஓம், அல்வின்தான். மீசை மட்டும் இன்னும் வரேல்ல எண்டு சொல்லியிருக்கோணும்" என்று வீட்டுக்கு வந்து பொருமுவாய். பள்ளிக்கூடத்தில் ஒல்லி என்று கூப்பிட்டார்கள். நீயோ அப்போது நல்ல குண்டு.

அப்பாவிடம் எத்தனை தரம் கேட்டிருப்போம்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுசனுக்கு ஒரு கப்பல் என்ஜினியர் சிநேகிதமாகி, தன் பிள்ளைகளின் படத்தைக் காட்டினானாம். ஒல்வென், கிளெனிஸ், மெர்வின். அப்பாவுக்குப் பெயர்கள் பிடித்துப்போய்விட்டன. இரண்டு பெண், ஓர் ஆண் என்று அதே வரிசையில் நாமும் பிறந்து அவருக்கு வேலையை இலேசாக்கிவிட்டோம். "அவன் இங்கிலீஷ்காரன் இல்ல பிள்ளை, வேல்ஸ்காரன். இங்கிலீஷ்காரன் எண்டு சொன்னா அவனுக்குக் கோவம் வரும்" என்பார். அர்த்தம் கேட்டால், "நல்ல பேர், அவ்வளவுதான்" என்று எழும்பிப் போய்விடுவார். கடைசிக் காலத்தில் நீ என்னிடம் சொன்னாயே, "எனக்கு வந்தது ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைட மிச்சப் பேர்" என்று. வேடிக்கையாகத்தான் சொன்னாய். எனக்கு அது வலித்தது.

ஷாமினி மொபைலில் தேடத் தொடங்கினாள், நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். கொட்டாஞ்சேனையில் நாம் இங்கிலீஷ் பெயர் என்று நினைத்ததில் எத்தனையோ வேல்ஸ் பெயராம் அக்கா. ட்ரெவர் என்றால் பெரிய ஊர். ஒற்றை அறையில் குடும்பத்தோடு நெருக்கியடித்துக் கிடந்த பக்கத்து வீட்டு ட்ரெவர் அங்கிள்தான் பெரிய ஊர். டிலிஸ் என்றால் உண்மை. டிலிஸ் அன்ரி வாயைத் திறந்தால் என்ன வரும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிளெனிஸ் என்றால் சுத்தம். சிரிக்காதே, என் குசினி அடுப்பை நீ பார்த்திருக்கிறாய். மெர்வினுக்குள் கடல் இருக்கிறது என்கிறார்கள், சிலர் அது நிச்சயமில்லை என்கிறார்கள். முகத்துவாரத்தில் வள்ளத்தில் ஏற்றிய உடனேயே வாந்தி எடுத்த நம் தம்பியை நினைத்துப் பார். நான் நிச்சயமில்லை என்கிற கட்சி.

குவென் என்றால் வெள்ளை. அருள் பெற்றவள் என்றும் கொள்ளலாமாம். அது வேறொரு சொல்லோடு சேரும்போது முன்னால் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு வென் ஆகிவிடும். நாம் அழுது அழுது படித்த புணர்ச்சி விதி அவர்களுக்கும் இருக்கிறது, பார். இப்போது உன் பெயரில் பாதி வந்துவிட்டது. மற்றப் பாதியைச் சொல்ல முதலில் என் சம்பந்தி கதைக்குள் வர வேண்டும்.

சம்பந்தி விசாலாட்சி அம்மா கெட்டவர் இல்லை. பெயரைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆனது, அவ்வளவுதான். "முதல்ல நட்சத்திரத்துக்கு என்ன எழுத்துன்னு பாப்போம்" என்றார். குழந்தை ரோகிணி. கோயில் ஐயர் சொன்ன எழுத்துகளில் முதலாவது என்ன தெரியுமா? ஓ. நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன்.

"ஐயர் சொன்னது நெடில். உங்க அக்கா பேரு குறில்" என்று சம்பந்தி என்னைத் திரும்ப உட்கார வைத்தார். இப்படியும் ஒரு வழக்கு உலகத்தில் நடக்குமா? எழுத்தின் கீழே போடும் ஒரு சின்னச் சுழியில் உன் பெயர் தொங்கிக்கொண்டு நின்றது. கார்த்திக் ஐயருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "சமஸ்கிருதத்துல குறில் ஒகரமே கிடையாதும்மா. ரெண்டும் ஒண்ணுதான், தாராளமா வைங்கோ" என்றார் ஐயர். அந்த மனிதருக்கு ஒரு லவ் கேக் அனுப்புவதென்று அங்கேயே முடிவெடுத்தேன். அதில் முட்டை இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

போனை வைத்த பிறகு உண்மையான காரணம் வெளியே வந்தது. சம்பந்தி ஷாமினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. தாத்தா பேரு, பாட்டி பேருன்னா நெறஞ்ச வயசுல போனவங்க பேரு. உங்க அக்கா அப்படிப் போகலையே. பாதியில போனவங்க பேர இந்தப் பச்சப்புள்ளைக்கு வெக்க எனக்குப் பயமா இருக்கு."

அவரிடம் நான் எப்படிக் கோபப்படுவேன்? அது வீம்பு இல்லை, பயம். நீ பென்ஷன் எடுக்கும் முன்பே போனது உண்மை. உனக்கென்று ஒரு பிள்ளை இல்லாமல் போனதும் உண்மை. இந்தக் குழந்தையும் இல்லையென்றால் அந்தப் பெயர் உன் கல்லறையில் மட்டும்தான் இருக்கும். ஷாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அர்த்தத்தைச் சொன்னேன்.

"வெள்ளைக் காலடி எண்டுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். ஒல் எண்டா காலடித் தடம். வென் எண்டா வெள்ளை."

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. அந்த வீட்டில் ரயில் கடக்கும்வரை யாரும் கதைக்கமாட்டார்கள், கதைத்தாலும் கேட்காது. சம்பந்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசிப்பது மட்டும் தெரிந்தது. பாணந்துறைப் பக்கம் போகிற ரயிலில் இத்தனை பெட்டி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

சத்தம் ஓய்ந்ததும் கேட்டார். "வெள்ளக் காலுன்னா, மாவுக் கால் மாதிரியா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். கண்ணன் பிறந்தநாளன்று அரிசி மாவைக் கரைத்து, வாசலிலிருந்து சாமியறை வரைக்கும் சின்னச் சின்னப் பாதம் போடுவார்களாம், குழந்தைக் கண்ணன் நடந்து வருவதாக. ரோகிணி கண்ணனுடைய நட்சத்திரமாம். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. இப்போது என்னைவிட அவருக்குத்தான் பரபரப்பு.

"அதெல்லாம் உள்ள வர்ற கால் சம்பந்தி. வெளிய போற மாதிரி யாரும் போடமாட்டோம். அப்ப இது எப்படிப் போனவங்க பேரு ஆகும்? வர்றவங்க பேருல்ல?"

அக்கா, நான் அந்த மனுசியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கார்த்திக் ஒரு நிமிடம் பயந்தே போனான். யாரோ ஒரு வேல்ஸ்காரன் தன் மகளுக்கு வைத்த பெயருக்கு வெள்ளவத்தையில் ஒரு மாமியார் இப்படி உரை சொல்வார் என்று அப்பா கண்டாரா? அந்த மற்ற ஒல்வென் இன்னும் இருக்கிறாளா? அவளுக்கும் ஒரு பேத்தி பிறந்திருப்பாளா?

போன வெள்ளிக்கிழமை பெயர் வைத்தோம். கார்த்திக்கின் அக்கா குழந்தையின் வலது காதில் மூன்று தரம் மெல்லச் சொன்னாள். பிறகு சம்பந்தி குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார். "காதுல சொன்னது அவளுக்கு. வீடும் கேக்கணும். உங்களுக்குத்தான் பழகின பேரு, கொஞ்சம் உரக்கக் கூப்பிடுங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை நான் முழுதாகச் சொன்னதில்லை. அக்கா, பெரியம்மா, அவள் என்றே ஓட்டிவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அடியாகக் கூப்பிட்டேன்.

"ஒல்வென் அக்கா."

பால்மணம் மாறாத குழந்தையைத்தான் அக்கா என்று கூப்பிட்டேன். வீடே சிரித்தது. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேறெப்படி வரும்? உன்னை நான் என்றைக்காவது வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேனா? இரண்டாம் தரம் பெயரை மட்டும் சொன்னேன். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள்.

பெயரை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். இனித் தினமும் கூப்பிடுவேன், உரக்கவே கூப்பிடுவேன். அக்கா என்பதை மட்டும் அவளுக்குக் கொடுக்கமாட்டேன். அது உனக்கு.

உன் ஒரே தங்கச்சி,
கிளெனிஸ்
கொட்டாஞ்சேனை