ரொம்பப் பிடித்தது

பாப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். எங்களைக் கேட்காமல் கௌதமனைக் கட்டிக்கொண்டு போனதை எப்போதோ மன்னித்துவிட்டேன். பெங்களூர் வீட்டில் இப்போது புத்தருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாயாம். ஏற்று.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று சாமியார் பிரசங்கத்தில், "கறியை விடுறது இன்னா பெரிய தவம்? உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதை விடுங்க" என்றார். எனக்கு ரொம்பப் பிடித்தது உன் குரல்தான். தவக்காலம் முடியும்வரை உன் போனை எடுப்பதில்லை என்று பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டேன்.

அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். மைன்ஸில் இறங்கிச் சுரங்கம் வெட்டிய தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. போன் அடிக்கும்போதெல்லாம் "பாப்பாவாடி?" என்பார். தவக்காலத்தில் பொய் சொல்லலாமா? "நமக்குன்னு யாரும் இல்லீங்க" என்பேன்.

தவக்காலத்து ஐந்தாவது வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா எப்படியோ எட்டி, போனை எடுத்து நெஞ்சின் மேல் வைத்திருந்தார். எதை அமுக்கிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. உடம்பு சில்லிட்டிருந்தது. போன் மட்டும் உன் பெயரைக் காட்டி அடித்துக்கொண்டே இருந்தது. நேர்ந்துகொண்டதை எப்படி முறிப்பேன்?

மறுநாள் அடக்கத்தின்போது, "பொண்ணுக்குச் சொல்லியாச்சா?" என்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். "நானே சொல்லிக்கிறேன்" என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

நேற்று ஈஸ்டர். தவம் முடிந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுக்கிறேன். அப்பாவிடம் கொடு என்று மட்டும் கேட்காதே.

உன்னை மன்னித்த
அம்மா