பதினான்கு நாய்களுக்கான ரசீது

புதுச்சேரி, 12.6.1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஆதிலட்சுமியும் பிள்ளைகளும் சுகம். ஆலை வேலை போனபிறகு இந்த அல்சேஷன் குட்டிகளை விற்றுத்தான் சாப்பிடுகிறோம். இப்போது வருமானவரி நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருஷம் விற்றது இருபத்திரண்டாயிரம். கறி, அரிசி, மருந்து, கொட்டகை கழுவும் ஆயம்மாவுக்குக் கூலி என்று பாதிக்குமேல் போய்விட்டது. எதையெல்லாம் வருமானத்தில் கழிக்கலாம்? ஆடிட்டர் ஆபீசில் இருக்கிற நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
வடிவேல்

சென்னை, 18.6.1983

அருமைத் தம்பிக்கு,

நோட்டீஸ் வந்தால்தான் அக்கா ஞாபகம் வருகிறது உனக்கு. போகட்டும். தீனி, மருந்து, கூலி எல்லாம் கழியும். தாய் நாய் செத்தால் அதை வாங்கிய விலையும் கழியும். குட்டி செத்தால் தனியாகக் கழியாது, அது சரக்கு. வீட்டுக்கு வாங்கிய கறியை அதில் சேர்க்காதே. வெறிநோய்க்கு ஊசி போட்டிருப்பாயே, அந்த ரசீதையும் அனுப்பு. ரசீது இல்லாத செலவை அதிகாரி ஒப்பமாட்டார்.

பாசமுள்ள அக்கா,
செல்வாம்பாள்

புதுச்சேரி, 4.9.1983

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய கணக்கை அதிகாரி அப்படியே ஏற்றுக்கொண்டார். பதினான்கு நாய்க்கும் ஊசி போட்ட ரசீதைப் பார்த்தபின் வேறு கேள்வியே இல்லை. உன்னால் தலை தப்பியது.

போன வாரம் ராணி என்கிற பெட்டை நாய் ஆயம்மாவின் கையைக் கடித்துவிட்டது. பயந்துபோய், “நெசமா ஊசி போட்டிருக்கியா தம்பி?” என்று கேட்டாள். ரசீதைக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவள், முத்திரையைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு போனாள். நாலாம் நாள் ராணி செத்துவிட்டது. தாய் நாய்தானே, வாங்கிய எழுநூறையும் கழிக்கலாமா?

வடிவேல்

சென்னை, 6.9.1983

தம்பி,

கடித்த நாய் நாலு நாளில் செத்திருக்கிறது, நீ விலையைக் கேட்கிறாய். ரசீது கிடக்கட்டும். இதைப் படித்த கையோடு ஆயம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. வயிற்றில் பதினான்கு ஊசி போடுவார்கள், நீ கூடவே இரு. போட்டதும் எனக்கு ஒரு கார்டு எழுது.

செல்வாம்பாள்

புதுச்சேரி, 21.10.1983

அக்கா,

ஆயம்மா புதன்கிழமை இறந்துபோனாள். கடைசி இரண்டு நாள் தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே அலறினாள். அவள் மகள் வேம்புதான் கூட இருந்தாள்.

நீ எழுதியும் நான் கூட்டிப்போகவில்லை. ஒரு நாய்க்கும் ஊசி போடவில்லை அக்கா. நீ ரசீது கேட்டதால் மருந்துக்கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினேன். ஆஸ்பத்திரியில் விசாரித்தால் அது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். காயமும் ஆறியிருந்தது. மற்ற நாய்களுக்கு இப்போது ஊசி போட்டாயிற்று.

காரியச் செலவுக்கு வேம்புவிடம் ஐந்நூறு கொடுத்தேன். வேலையாளுக்குக் கொடுத்ததுதானே, அது கழியுமா?

வடிவேல்

சென்னை, 25.10.1983

வடிவேலுக்கு,

கழியாது.

ஊசி ரசீது பொய்யென்று அதிகாரிக்கு எழுதி, என் கையெழுத்தே போட்டு அனுப்பிவிட்டேன். கார்டு வராதபோதே நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

வேம்புவுக்கும் எழுதியிருக்கிறேன். தாய் எதனால் செத்தாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். படிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துக் கேட்பாள். அவள் போலீசுக்குப் போனால் நான் வந்து சாட்சி சொல்வேன்.

இனி எனக்கு எழுதாதே.

செல்வாம்பாள்